வாரத்துக்கு ஒரு சாயங்காலம்தான் மிஞ்சுகிறது: புது நாட்டில் அதை எங்கே செலவழிப்பது?

புது நாட்டுக்கு வந்து இறங்கிய முதல் வருடத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே அறிவுரையைத்தான் சொல்வார்கள்: "வீட்டுக்குள்ளேயே இருக்காதீங்க, வெளியே போய் நாலு பேரோட பழகுங்க." எங்கே போவது என்று கேட்டால் மளமளவென்று ஒரு பட்டியல் வரும். சொந்த மொழிக்காரர்கள் சங்கம், மொழி வகுப்பு, வாலண்டியர் வேலை, ஏதாவது ஒரு விளையாட்டு, மேடைப் பேச்சு கிளப், தொழில்முறைச் சந்திப்பு. பட்டியலில் தப்பே இல்லை. ஆனால் வேலை அல்லது வேலை தேடல், சமையல், துவைப்பு, பிள்ளைகள், ஏதோ ஓர் அலுவலகம் கேட்கிற ஏதோ ஒரு படிவம் எல்லாம் போகக் கையில் மிஞ்சுவது வாரத்துக்கு ஒரு சாயங்காலம், கூடிப்போனால் சனி ஞாயிறில் ஓர் அரை நாள். அதைக் கொண்டுபோய் எங்கே போடுவது என்பதுதான் பிரச்சினை.

நான் இதில் தப்புச் செய்தவன். முதல் வருடம் எல்லா இடத்துக்கும் ஒரு தடவை, சில இடங்களுக்கு இரண்டு தடவை போனேன். நிறையப் பேரோடு கை குலுக்கினேன். வருடக் கடைசியில் போனில் ஏகப்பட்ட நம்பர்கள் இருந்தன, ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலில் படுத்தபோது கூப்பிட ஒரு நம்பர் இல்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் எனக்கு ஒரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த மாதிரி இடம் என்பதைவிட, அந்த இடத்தில் என் கையில் ஒரு வேலையைக் கொடுக்கிறார்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன். விருந்தாளிக்கு நாற்காலி கிடைக்கும், அவர் வராவிட்டால் நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நாற்காலி போடுகிற ஆள் வராவிட்டால் நாலு பேர் தேடுவார்கள்.

இடங்களைப் பார்ப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சமீபத்தில் ஊர் மாறி வந்த 355 பெரியவர்களையும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் வைத்து, ஓர் அறிமுகம் நட்பாக எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று பார்த்தார். சாதாரணத் தோழமைக்குச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று வாய்விட்டுச் சொல்லச் சுமார் 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். வாரத்துக்கு 2 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் முதல் படிக்கே 25 வாரம், அதாவது அரை வருடம். இரண்டாவது படிக்கு 45 வாரம். மூன்றாவதற்கு இரண்டு வருடம். அதுவும் ஒரே ஆட்களோடு சேர வேண்டிய மணி நேரம். அந்த 50ஐ 25 பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு 2 மணி நேரம் கிடைக்கும், எதற்கும் உதவாது. நான் அந்த வருடம் செய்தது அச்சாக அதுதான். மூன்று மாதத்தில் நண்பர்கள் கிடைக்கவில்லையே, என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

சொந்த மொழிக்காரர்கள்

இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, வந்ததும் நம் ஆட்களைத்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லும். இன்னொன்று, நம் ஆட்களிடமே ஒட்டிக்கொண்டால் அங்கேயே தேங்கிவிடுவாய், பத்து வருடம் கழித்தும் மொழி வராது, தள்ளியே இரு என்று சொல்லும். இரண்டாவது கட்சிக்காரர்கள் கொஞ்சம் அதட்டலாகவே பேசுவார்கள், கேட்கிறவருக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிடும்.

ஸ்வீடனில் 1985இலிருந்து அகதிகளை அரசே நாடு முழுக்கப் பிரித்துக் குடியமர்த்தியது. யார் எங்கே போவது என்பது பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை, அதனால் ஆராய்ச்சியாளர்களுக்கு அது இயல்பாகவே அமைந்த ஒரு சோதனை மாதிரி ஆகிவிட்டது. அதை வைத்து 2003இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு, அதிகம் படிக்காதவர்களுக்குச் சொந்த நாட்டுக்காரர்கள் நிறைய இருக்கும் பகுதியில் வாழ்வது வருமானத்தைக் கூட்டியிருக்கிறது என்பது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: நல்ல வருமானத்தில் இருக்கிற குழுவாக இருந்தால்தான் பலன் அதிகம். எத்தனை பேர் என்பதோடு, யார் அந்தப் பேர் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

அமெரிக்காவில் குடியமர்த்தப்பட்ட அகதிகளைப் பற்றி லோரி பீமன் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. உங்களுக்கு ஒரு வருடம் முன்னால் வந்தவர்கள் நிறைய இருந்தால் உங்களுக்கு வேலை கிடைப்பது கடினமாகிறது, ஏனென்றால் அவர்களும் அதே வேலையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கும் முன்பே வந்து ஊன்றியவர்கள் நிறைய இருந்தால் வேலையும் எளிதாகக் கிடைக்கிறது, சம்பளமும் கூடுகிறது. இதைப் படித்ததும் எனக்குச் சட்டென்று புரிந்தது. சங்க நிகழ்ச்சிக்குப் போனால் நாம் யாரோடு போய் நிற்கிறோம்? நம்மைப் போலவே போன வருடம் வந்தவர்களோடு. ஒரே கவலை, ஒரே புலம்பல், அதனால் ஆறுதலாக இருக்கிறது. பதினைந்து வருடமாக இங்கே இருக்கிறவர்கள் வேறொரு மூலையில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் போய் என்ன பேசுவது என்று தெரியாது. பேச வேண்டாம், அந்தக் கணக்குப் புத்தகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொள்ளலாம். சங்கங்களில் எப்போதும் பொருளாளருக்கு ஆள் கிடைக்காது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். யார் என்ன வேலை, எந்த விசா, சொந்த வீடா வாடகையா என்று எடைபோடுகிற கண்கள் அங்கேதான் அதிகம். முன்பு மேலாளராக இருந்து இப்போது கிடங்கில் பெட்டி தூக்குகிறவருக்கு அந்தக் கண்கள் தாங்காது, அந்த ஒரே காரணத்துக்காகப் போகாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். நாட்டைவிட்டு அரசியல் காரணத்தால் வெளியேறியவர்களுக்குச் சொந்த நாட்டுக் கூட்டமே பாதுகாப்பில்லாததாக இருக்கலாம். அப்புறம், அங்கே எல்லாருக்கும் தெரிந்தது ஒரே செய்திதான். ஒரு வேலை காலி என்றால் அது அறுபது பேருக்கும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் ஒரே நேரத்தில் வந்து சேரும்.

என் முடிவு: முதல் மூன்று மாதம் வாரச் சாயங்காலத்தை இங்கே கொடுப்பது நியாயம். வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரி ஆபத்தானது, மருத்துவரிடம் எப்படிப் பதிவு செய்வது, வரிப் படிவத்தில் எந்தக் கட்டத்தை விட்டுவிடக் கூடாது, இதெல்லாம் தாய்மொழியில் கேட்டால் பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை போதும், ஏதாவது பொறுப்பு எடுத்தால் ஒழிய. முழுக்க வெட்டிக்கொள்வதும் வேண்டாம். ஜான் பெர்ரி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 13 நாடுகளில் குடியேறிய குடும்பங்களின் பதின்வயதுப் பிள்ளைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்டதில், சொந்தப் பண்பாட்டையும் புது நாட்டையும் இரண்டையும் பிடித்துக்கொண்டவர்கள்தான் மனத்தளவிலும் சரி, பள்ளி போன்ற வெளி விஷயங்களிலும் சரி, நன்றாக இருந்தார்கள்.

மொழி வகுப்பு

ஒரு போன் வந்தால் எடுக்கப் பயமாக இருக்கிறதா? அப்படியானால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், மற்றதெல்லாம் அப்புறம், சாயங்காலம் இதற்குத்தான். பல நாடுகளில் இதற்கு அரசே வழி வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் புதிதாக வந்த பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புத் திட்டம் 1948இலிருந்து நடக்கிறது. முன்பு 510 மணி நேரம் என்று ஒரு வரம்பு இருந்தது, 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். கனடாவில் இதே மாதிரித் திட்டம் 1992இல் வந்தது. ஜெர்மனியில் 2005இலிருந்து ஒருங்கிணைப்பு வகுப்பு இருக்கிறது, பொதுவான பாடத்திட்டத்தில் 600 பாட நேரம் மொழிக்கும் 100 பாட நேரம் அந்த நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறைக்கும். தகுதி விதிகள் விசாவுக்கு விசா மாறும், அதனால் பணம் கட்டி எங்கேயாவது சேர்வதற்கு முன் இலவசமாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

வகுப்பின் பெரிய நன்மை, அங்கே தப்பாகப் பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், எல்லாரும் தப்பாகத்தான் பேசுவார்கள். இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஏழெட்டு நாட்டுக்காரர்கள் ஒரே அறையில் இருந்தால் அவர்களுக்குள் பொதுவாக இருப்பது அந்தப் புது மொழி ஒன்றுதான், அதனால் இடைவேளையில்கூட அதில்தான் பேசியாக வேண்டும்.

ஆனால் வாய் திறக்கிற நேரத்தைக் கணக்குப் போடுங்கள். 20 பேர், 2 மணி நேரம், அதில் பாதி ஆசிரியர் பேசுகிறார் என்றால் மீதி 60 நிமிடத்தை 20 பேர் பங்கு போட ஆளுக்கு 3 நிமிடம். ஜோடி ஜோடியாகப் பேசவைக்கிற ஆசிரியர் என்றால் கூடும், எல்லாரும் அப்படி இல்லை. நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் நடக்கிற உரையாடல் வட்டத்தில் ஆறு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஆளுக்கு 10 நிமிடம். இலக்கணம் ஏற்கெனவே தெரிந்து, காதும் நாக்கும்தான் ஒத்துழைக்கவில்லை என்கிறவர்களுக்கு வகுப்பைவிட இந்த வட்டம் மேல். வாசிக்கவும் எழுதவும் தேர்வு எழுதி அதிக மதிப்பெண் வாங்கிவிட்டு, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்ன ஒரு வாக்கியம் புரியாமல் விழிக்கிறவர்கள் நம்மில் எக்கச்சக்கம். அவர்கள் இன்னொரு இலக்கண வகுப்பில் போய்ச் சேர்வது ஒளிந்துகொள்ள இடம் தேடுகிற மாதிரி. நானும் ஒளிந்திருக்கிறேன்.

வாலண்டியர் வேலை

மொழி ஓரளவு வந்துவிட்டது என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதைப் பற்றிச் சொல்லப்படுகிற காரணங்களில் பாதி சரியில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கமாகச் சொல்வது: "ரெஸ்யூமேயில் உள்ளூர் அனுபவம் என்று ஒரு வரி சேரும், இன்டர்வியூ வரும்." வருமா? இரண்டு சோதனைகள் இருக்கின்றன, இரண்டும் கற்பனையான விண்ணப்பங்களை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தவை. பெல்ஜியத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், வாலண்டியர் அனுபவம் குறிப்பிடாதபோது உள்ளூர்க்காரர் பெயருக்கு வந்த இன்டர்வியூ அழைப்பு குடியேறியவர் பெயருக்கு வந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இருவரும் வாலண்டியர் வேலையைக் குறிப்பிட்டபோது அந்த வித்தியாசமே காணாமல் போய்விட்டது. அருமை என்று துள்ளுவதற்குள் கனடாவின் டொரன்டோவில் பிலிப் ஓரியோபவுலோஸ் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வையும் பார்க்க வேண்டும். அங்கே இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது, வெளிநாட்டு அனுபவத்துக்கும் அப்படியே. பாடத்திட்டத்துக்கு வெளியே சுறுசுறுப்பாக இயங்கியதை ரெஸ்யூமேயில் சேர்த்தும் அந்தப் பள்ளம் மூடவில்லை. ஒரு நாட்டில் பலிக்கிறது, இன்னொரு நாட்டில் இல்லை. டொரன்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் ஓரளவு பெரிய நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலேயே கனடிய அனுபவம் கேட்கக் கூடாது என்று 2026 ஜனவரியிலிருந்து சட்டமே வந்திருக்கிறது, விளம்பரத்தில் கேட்காதவர்கள் மனத்துக்குள் கேட்க மாட்டார்களா என்பது வேறு விஷயம்.

அதனால் அந்த ஒரு வரியை நம்பிப் போகாதீர்கள். நான் வாலண்டியர் வேலையைச் சிபாரிசு செய்வது வேறு இரண்டு காரணத்துக்காக.

முதலாவது, ரெஃபரன்ஸ். புது நாட்டில் "இவரைப் பற்றி விசாரிக்க யாரைக் கூப்பிடலாம்?" என்று கேட்கிற கட்டம் வரும்போது கொடுக்க உள்ளூர் நம்பர் இல்லாமல் திணறுவது எல்லாருக்கும் நடக்கிறது, வேலைக்கு மட்டுமில்லை, வீடு வாடகைக்கு எடுக்கும்போதும். ஆறு மாதம் வாரம் தவறாமல் நேரத்துக்கு வந்தார் என்று போனில் சொல்ல ஓர் ஆள் இருப்பது, காகிதத்தில் இருக்கிற வரியைவிடக் கனமானது.

இரண்டாவது, இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டும். குடியேறியவர் முதல் வருடம் முழுக்க உதவி கேட்கிற ஆளாகவே இருக்கிறார். அலுவலகத்தில் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும், பிள்ளையின் பள்ளியில் கேட்க வேண்டும், சில வீடுகளில் பிள்ளையிடமே மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். முதுகு தானாகவே கொஞ்சம் வளைந்துவிடுகிறது. வாரத்தில் 2 மணி நேரமாவது யாரோ ஒருவர் உங்களிடம் வந்து "இது எங்கே வைக்கணும்?" என்று கேட்டு, உங்களுக்கு அதற்குப் பதில் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வளைவை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பு எதுவும் அதைத் தந்து நான் பார்த்ததில்லை.

எங்கே சேர்வது என்பதில் கவனம் வேண்டும். பின் அறையில் தனியாக உட்கார்ந்து துணி பிரித்து அடுக்குகிற வேலையும் வாலண்டியர்தான், முன் மேசையில் வருகிறவர்களை வரவேற்பதும் வாலண்டியர்தான். முதலாவதில் வாய்க்கு வேலை இல்லை. ஆரம்பத்தில் அது நிம்மதி, ஆனால் இரண்டு மாதத்தில் முன்னால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஒருநாள் நிகழ்ச்சிகளுக்குப் போகாதீர்கள், வாராவாரம் ஒரே ஆட்கள் வருகிற ஷிப்ட்டைப் பிடியுங்கள். குழந்தைகளோடும் முதியவர்களோடும் வேலை என்றால் பல நாடுகளில் பின்னணிச் சோதனை உண்டு, அதற்குச் சில வாரங்கள் ஆகலாம், பழைய நாட்டிலிருந்து காவல்துறைச் சான்றிதழ்கூடக் கேட்கலாம்.

சட்டத்தையும் பாருங்கள். சில விசாக்களில் சம்பளமில்லாத வேலைக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. பிரிட்டனில் புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர்கள் தொண்டு அமைப்புக்கு வாலண்டியராக உதவலாம், ஆனால் சம்பளமில்லா ஊழியர் மாதிரி ஒப்பந்தக் கடமைகளோடு செய்வதை உள்துறை வேறு வகையாகப் பிரித்துப் பார்க்கிறது. அமெரிக்காவில் லாபத்துக்கு நடக்கிற தனியார் நிறுவனத்துக்கு வாலண்டியராக வேலை செய்யத் தொழிலாளர் சட்டம் இடம் தருவதில்லை. அதனால் ஒரு முதலாளி "மூன்று மாதம் சம்பளம் இல்லாம செய்யுங்க, அனுபவம் கிடைக்கும்" என்றால் அதற்குப் பெயர் வாலண்டியர் இல்லை. எனக்கும் அப்படி ஒருவர் சொன்னார், ஐந்து வாரம் போனேன், என் இடத்தில் அடுத்த புது ஆளை உட்காரவைத்தார்.

விளையாட்டு, பாட்டு, பொழுதுபோக்கு

மொழியும் வராது, ஆட்களோடு முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசவும் கூச்சம் என்கிறவர்களுக்கு இது சரியான வாசல். சதுரங்கத்துக்கு உலகம் முழுக்க ஒரே விதி. கால்பந்தில் "இங்கே" என்று கத்தினால் போதும். ஆஸ்திரேலியாவில் 1990களில் ஆண்களுக்காகத் தொடங்கிய கொட்டகைகள், மென்ஸ் ஷெட் என்பார்கள், இந்த ஒன்றை வைத்துத்தான் நடக்கின்றன: பேசு என்று உட்காரவைத்தால் பேசாத மனிதர் கையில் ஒரு மரப்பலகையையும் உளியையும் கொடுத்தால் பக்கத்தில் நிற்பவரிடம் தானாகப் பேசுவார்.

பார்க்ரன் என்று ஒன்று இருக்கிறது, 2004இல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கியது, இப்போது பல நாடுகளில். வாரம் ஒருநாள் காலையில், பெரும்பாலும் சனிக்கிழமை, 5 கிலோமீட்டர், இலவசம், நடக்கலாம், கடைசியாக வருவதற்கென்றே ஒரு வாலண்டியர் இருப்பதால் நீங்கள் கடைசி ஆளாக ஆகவே முடியாது. ஓடப் பிடிக்காவிட்டால் பார்கோடு ஸ்கேன் செய்கிற வேலையை வாங்கிக்கொள்ளலாம். ஒரு காலை நேரத்தில் ஊரில் பாதிப் பேர் முகம் தெரிந்துவிடும்.

இதன் குறை, ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் கலைந்துவிட்டால் உறவு அங்கேயே நின்றுவிடுகிறது. முடிந்த பிறகு உட்கார்ந்து பேசுகிற அந்த அரை மணி நேரம் இருக்கிற குழுவாகப் பாருங்கள், பிள்ளையைக் கூப்பிட ஓட வேண்டியிருந்தாலும் மாதத்துக்கு ஒரு தடவையாவது அதற்கு இருங்கள். வேலை வாய்ப்புக்கு இது நேர் வழி இல்லை. ஆனால் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் காட்டியதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்த 54 பேரைக் கேட்டதில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்க்கிறவர்கள் 16.7 விழுக்காடுதான், எப்போதாவது பார்க்கிறவர்கள் 55.6, அபூர்வமாகப் பார்க்கிறவர்கள் 27.8. மைதானத்தில் வாரம் ஒருமுறை "என்ன, முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்கிற ஆள் அந்த நடு வகைதான்.

மேடைப் பேச்சு கிளப்பும் தொழில்முறைச் சந்திப்பும்

மேடைப் பேச்சுக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ்தான் எல்லா இடத்திலும் கிடைப்பது, 1924இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. பேச்சாளரைத் தவிர நேரம் பார்க்கிறவர், "அ... ம்..." எண்ணுகிறவர் என்று சின்னச் சின்னப் பொறுப்புகளைச் சுற்றுக்கு விடுவார்கள், அதனால் இரண்டாவது வாரமே கையில் ஒரு வேலை இருக்கும். தலைப்புக் கொடுத்து 2 நிமிடம் பேசவைக்கிற பகுதி இன்டர்வியூவுக்கு நல்ல பழக்கம். மொழி வகுப்பில் இருக்கிறவர்களுக்கு அவசரம் இல்லை. மொழி இருக்கிறது, கூட்டத்தில் எழுந்து நின்றால் தொண்டை அடைக்கிறது என்றால் ஆறு மாதம் போகலாம்.

தொழில்முறைச் சந்திப்பு என்ற பெயரில் கழுத்தில் பெயரட்டை மாட்டிக்கொண்டு நிற்கிற கூட்டங்கள் எனக்குப் பிடிக்காது, பிடிக்காததை மறைத்து நடுநிலையாக எழுத வரவில்லை. வேலை தேடுகிறவர்கள் எழுபது பேர், வேலை கொடுக்கக்கூடியவர் இரண்டு பேர், அந்த இரண்டு பேரையும் சுற்றி ஒரு வட்டம். அதற்குப் பதில், அதே துறையில் இருக்கிற ஒருவரோடு உங்களைச் சேர்த்துவைக்கிற வழிகாட்டித் திட்டம் இருந்தால் வரிசையில் நின்றாவது வாங்குங்கள். டொரன்டோவில் ட்ரையெக் என்ற அமைப்பு 2004இல் இப்படிச் சேர்த்துவைக்கத் தொடங்கியது, வேறு நகரங்களிலும் இந்த மாதிரித் திட்டங்கள் இருக்கின்றன. லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை ஐந்து வருடம் வைத்துச் செய்த சோதனை 2022இல் வெளியானது. வேலை மாற்றத்துக்கு மிக நெருங்கியவர்களைவிடவும், பேருக்கு மட்டும் தொடர்பில் இருக்கிறவர்களைவிடவும், ஓரளவு தூரத்தில் இருக்கிறவர்கள்தான் அதிகம் உதவினார்கள். பெயரட்டைக் கூட்டத்தில் கிடைப்பது அந்நியர்.

ஆன்லைன் குழுக்களைப் பற்றி ஒரு வரி: தகவலுக்கு நல்லது, இரவு பதினொரு மணிக்குத் தனிமைக்கும் நல்லது, சாயங்காலத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

யாருக்கு எது

துணையின் விசாவில் வந்து, வேலை அனுமதிக்குக் காத்துக்கொண்டு, பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர்தான் இந்தப் பட்டியலில் மிகவும் தனித்துப்போகிற ஆள் என்பது என் அபிப்பிராயம், அவருக்குச் சாயங்காலக் கணக்கே பொருந்தாது, பகலில் உரையாடல் வட்டம் ஒன்று, வாலண்டியர் ஷிப்ட் ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளலாம், விசா விதியைப் பார்த்துக்கொண்டு. பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால் பெற்றோர் குழுவே பாதித் தேவையைத் தீர்த்துவிடும்.

ஷிப்ட் வேலைக்காரருக்கு எந்த வாரமும் எந்த நாளும் நிச்சயம் இல்லை. வாராவாரம் செவ்வாய் ஏழு மணி என்கிற எதுவும் அவருக்கு மூன்றாம் வாரமே அறுந்துவிடும். ஷிப்ட்டை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கவிடுகிற வாலண்டியர் அமைப்பு அல்லது பார்க்ரன் மாதிரி வந்தால் வரலாம் என்கிற ஒன்று.

உரிமம் தேவைப்படுகிற தொழில்காரர், மருத்துவர், செவிலியர், பொறியாளர், இவர்கள் முதல் வருடம் எல்லாச் சாயங்காலத்தையும் தேர்வுக்கே கொடுத்துவிடுவார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தனியாக உட்கார்ந்து படிக்காமல் அதே தேர்வு எழுதுகிற நாலு பேரோடு படித்தால் அதுவே குழு. பீமன் சொன்னது நினைவிருந்தால், அந்த நாலு பேரோடு ஏற்கெனவே உரிமம் வாங்கிய ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளோடு வந்து சேர்ந்த வயதான பெற்றோருக்கு நான் மேலே சொன்னதெல்லாம் தலைகீழ். அவர்களுக்குச் சொந்த மொழிக்காரர்கள்தான் முதலிலும் கடைசியிலும். அந்த வயதில் இன்னொரு மொழி கற்றுத்தான் தீர வேண்டும் என்று வற்புறுத்துகிற பிள்ளைகளைப் பார்த்தால் கோபம் வருகிறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எட்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் எந்த இடமும் கசக்கும், நாலாவது வாரம் பெயரைத் தப்பாக உச்சரிப்பார்கள், திருத்துங்கள். எட்டாவது வாரமும் யாருக்கும் உங்கள் பெயர் தெரியவில்லை, கையில் ஒரு வேலையும் வரவில்லை என்றால் கூசாமல் இடத்தை மாற்றலாம்.

முதல் நாள் கதவைத் திறந்து உள்ளே போய் என்ன சொல்வது என்பதுதான் பலருக்குப் பெரிய தடை, எனக்கும் அப்படித்தான் இருந்தது, வாசல் வரை போய்த் திரும்பிய நாட்கள் உண்டு. இப்போது நான் சொல்வது இரண்டே வாக்கியம், எந்த மொழியிலும் மனப்பாடம் செய்துவிடலாம். "நான் இங்கே புதுசு. இந்த நாற்காலிகளை எங்கே போடணும்?"